இறங்குவது எவ்வளவு, ஏறுவது எவ்வளவு?

"பக்கத்து வீட்டுல தொண்ணூத்தி நாலு காட்டுது அண்ணா, எனக்கு முப்பத்தெட்டுதான் வருது. ஒரே கம்பெனி, ஒரே பிளான், ஒரே துட்டு!"

காஞ்சிபுரத்தில் வீடுகளுக்கு நெட் லைன் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் காதில் ஓயாமல் விழும் புகார் இது. கேட்பவர் சூடாக இருப்பார். ஸ்பீடு டெஸ்ட் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பியிருப்பார். அந்த இரண்டு எண்களைக் கேட்டதுமே, வண்டியை எடுக்காமலே எனக்கு முக்கால்வாசி விளங்கிவிடும். தொண்ணூற்று நாலுகாரர் லேப்டாப்பில் ஒயரைச் செருகிப் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டுக்காரர் சமையல்கட்டில் நின்றுகொண்டு போனில் பார்த்திருக்கிறார். இரண்டு வீட்டு வாசலுக்கும் வந்து சேர்வது ஒரே வேகம்தான்.

எண்ணைக் கேட்டுக் கோளாறு சொல்வது எங்கள் தொழிலில் பழகப் பழக வந்துவிடும். 94 என்பது நூறு மெகாபிட் லேன் போர்ட்டின் எல்லை. அனுப்பும் தகவலோடு ஒட்டிப் போகும் முகவரி, சரிபார்ப்பு விவரங்கள் போக மிஞ்சுவது அவ்வளவுதான். நூறு பிளானில் 94 வந்தால் நல்ல லைன். 200 பிளான் வாங்கியவர் 94 என்று சொன்னால் லைனை நான் தொடவே மாட்டேன், ஒயரைப் பார்ப்பேன். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். எலி கடித்தோ, கதவு இடுக்கில் நசுங்கியோ ஒன்று போனாலும், இரு பக்கக் கருவிகளும் நாலு கம்பியை வைத்து நூறுக்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். ஒயரை மாற்றினால் அடுத்த டெஸ்டில் 190 தாண்டும். எண் 40-ஐச் சுற்றி நின்றால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. விலை குறைந்த போன்கள் அந்த அலைவரிசையில் 72 மெகாபிட்டுக்குத்தான் ஒப்புக்கொள்ளும், கைக்கு வருவது அதில் பாதி. காலை, மதியம், இரவு எப்போது பார்த்தாலும் 1.9 என்று அசையாமல் நின்றால் மாதக் கோட்டா முடிந்துவிட்டது என்று பொருள். பழுதான லைனில் எண் ஆடும். வேண்டுமென்றே குறைக்கப்பட்ட லைனில்தான் எண் இவ்வளவு ஒழுக்கமாக நிற்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கேபிள் டிவி வழியாக. சித்தப்பா பெரிய காஞ்சிபுரத்தில் கேபிள் நடத்தினார். கோஆக்சியல் கம்பியைத் தோளில் சுமந்து மாடிக்கு மாடி தாண்டியதும், மழை நாளில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்து துடைத்ததும்தான் என் படிப்பு. விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்றே நாட்டுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருக்காரர்களுக்கு அது பிரௌசிங் சென்டரில் மணிக் கணக்கில் காசு கொடுத்துப் பார்க்கும் சமாச்சாரமாகவே ரொம்ப நாள் இருந்தது. வீட்டில் வைத்திருந்த ஒன்றிரண்டு ஜவுளிக்கடை முதலாளிகள் சஞ்சார்நெட் கணக்கை வைத்து போன் லைனில் டயல் செய்வார்கள். மோடம் பெட்டியின் மேல் 56 கிலோபிட் என்று அச்சடித்திருக்கும், 45 வந்தாலே அன்று நரி முகத்தில் விழித்த நாள். நெட் ஓடும் நேரம் முழுக்க போன் எங்கேஜ்டாக இருக்கும் என்பதால் கடைக்காரர்கள் ராத்திரியில்தான் உட்காருவார்கள்.

2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது. முந்தைய ஆண்டு வெளியான மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்திருந்தது. 2007-இல் அதே செம்புக் கம்பியில் 2 மெகாபிட் கொடுத்தார்கள். ஹோம் 500 என்ற பிளானில் நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் காசில்லை. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டு மறுபடி படுத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் சேலைக்கு டிசைன் போடும் பையன்களும் உண்டு. ஜக்கார்டு அட்டை குத்துவதற்கான வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் வரையப் பழகியிருந்த காலம் அது.

செம்புக் கம்பியின் குணம் வேறு. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் ராஜா, நாலு கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஆண்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணுக்கடியில் இருக்கும் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும், செம்பில் பச்சை படியும், லைனில் இரைச்சல் ஏறும், வேகம் படிப்படியாக இறங்கும். அந்தக் காலத்தில் இரண்டு வீட்டை ஒப்பிடுவதில் நியாயமே கிடையாது. தெருவின் இந்த முனையும் அந்த முனையும் வேறு வேறு நாடு.

ஃபைபர் வந்த பிறகு அந்தப் பிரச்சினை போய்விட்டது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான், ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கிலோமீட்டரா பத்து கிலோமீட்டரா என்பது வேகத்தில் தெரியாது. பட்டு நூலையும் இந்தக் கண்ணாடி நூலையும் சேர்த்துவைத்து மேடையில் அழகாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிபடவில்லை. பட்டு இழை அறுந்தால் தறியில் உட்கார்ந்தபடியே விரலால் பிணைத்துவிடுவார்கள். எங்கள் இழை அறுந்தால், லட்சத்தை ஒட்டிய விலையுள்ள ஸ்பிளைசிங் மெஷினை மழையிலும் வெயிலிலும் ஏணி மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வேகம் பார்க்குமுன் நாங்கள் பார்ப்பது பவர் மீட்டர். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளியை அது டிபிஎம் கணக்கில் சொல்லும். மைனஸ் 20, மைனஸ் 22 என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் ஆபத்து. 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், ஒளி பாதியானாலும் ஸ்பீடு டெஸ்டில் ஒன்றும் தெரியாது. செம்பு மெல்ல மெல்லச் சாகும். கண்ணாடி கடைசி வரை முழு வேகத்தில் ஓடிவிட்டு, ஒரு நாள் காலையில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சே!" என்பார்கள். ஓடியிருக்கும்தான்.

இந்த ஊரில் ஒளி குறைவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு: சுவாமி புறப்பாடு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கருடன் மேல் வரதர் புறப்பட்டால் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் வருவார். வாகனம், அதன் மேல் குடை, தேர் என்றால் அதன் கலசம். இவ்வளவு உயரத்துக்கும் தெருவைத் திறந்துவிட வேண்டும். மின்வாரியத்துக்காரர்கள் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தெருவைக் குறுக்கே தாண்டும் எங்கள் கேபிள்களை முந்தின நாளே அவிழ்த்துச் சுருட்டி ஓரத்தில் கட்டிவிடுவோம், மிச்சத்தை நீளக் கொம்பில் தூக்கிப் பிடிக்க ஆள் நிற்கும். சுவாமி தாண்டியதும் திரும்பக் கட்டுவோம். தூக்கக் கலக்கத்தில் கட்டும் பையன்கள் சில இடங்களில் இழையை ஆணியில் இறுக்கி மடக்கிவிடுவார்கள். கண்ணாடி இழையை ஓரளவுக்கு மேல் வளைத்தால் ஒளி வெளியே கசியும். அதனால் கருட சேவை முடிந்த வாரத்தில் புகார் வருகிறதோ இல்லையோ, உற்சவ வீதிகளில் பவர் மீட்டரோடு ஒரு நடை போய்வருவது எங்கள் வழக்கம். மைனஸ் 21 இருந்த வீடு மைனஸ் 26 காட்டும். முடிச்சைத் தளர்த்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

2019-இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளியது ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அதற்கு முந்தைய முறை 1979. கூட்டம் நெரிந்ததில், கோயிலைச் சுற்றிச் செல்போனில் கோடெல்லாம் முழுசாக நிற்கும், ஒரு படம் கூடப் போகாது. அப்போது லைன் இருந்த வீட்டுத் திண்ணைகளில் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள். டவரின் அலைவரிசையை வந்தவர் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டு லைனுக்கு அந்தத் தொல்லை குறைவு. இதை அந்த ஆடியில் சின்ன காஞ்சிபுரம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. தொல்லை குறைவுதான், இல்லாமல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்குள் வருவோம். பிள்ளையார்பாளையத்தில் பழைய நெசவாளர் வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, நடை, தறி போட்ட கூடம், சமையல்கட்டு, பின்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் கனமானவை. நாங்கள் இழையை வாசலோடு கொண்டுவந்து, தெருவிலிருந்து கையெட்டும் இடத்தில் பெட்டியை மாட்டிவிடுவோம். வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. படிக்கிற பெண்ணோ பின்கட்டு அறையில் இருப்பாள். நடுவில் நாலு சுவர், இரண்டு தறி, ஒரு இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே மூச்சு விட்டுவிடும். 2.4 தட்டுத் தடுமாறிப் போய்ச் சேரும், ஆனால் அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இருபது வீட்டுப் பெட்டிகள் அந்த மூன்றுக்குள் கத்திக்கொண்டிருக்கும்.

இப்படி ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, முன்னூறு எம்பி போட்டுக் குடுத்துடு. துட்டு போனா போவுது, புள்ள படிக்கணும்."

"ஐயா, முன்னூறு போட்டாலும் இந்த ரூமுக்கு வர்றது இதேதான் வரும். ஒயர் ஒண்ணு இழுத்து இங்க ஒரு சின்னப் பெட்டி வெச்சா போதும்."

"அதுக்கு மாசாமாசம் எவ்ளோ?"

"மாசத்துக்கு ஒண்ணும் இல்லிங்க. ஒரு தடவ செலவு."

அவர் நம்பவில்லை. மாதாமாதம் கூடக் கொடுத்தால்தான் வேகம் கூடும் என்று எங்கள் விளம்பரங்களே அவருக்குப் பழக்கியிருந்தன. உண்மையில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் 4கே படத்துக்கே 15 மெகாபிட் போதும் என்கிறது, 1080பி படத்துக்கு 5. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம், பல வீடுகளுக்கு 50 போதும். ஒப்பிடும்போது இன்னொன்று: விளம்பரத்தில் போடும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்காது. 699 என்றால் கையை விட்டுப் போவது 825.

இப்போது இந்த ஊருக்கான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் எனக்கு அனுப்பும் ஸ்பீடு டெஸ்ட் படங்களில் இரண்டு எண் இருக்கும், இறங்கும் வேகமும் ஏறும் வேகமும். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. சினிமா பார்க்க இறங்கும் வேகம் போதும். ஆனால் காஞ்சிபுரம் சரக்கை வெளியே அனுப்பிப் பிழைக்கும் ஊர்.

டேட்டாஒன் நாட்களில் கடைக்காரர் ஒருவர் சேலைப் படங்களை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். ஒரு படம் 4 மெகாபைட், அதாவது 32 மெகாபிட். ஏறும் வேகம் அரை மெகாபிட். ஒரு படத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். நாற்பது சேலை என்றால் முக்கால் மணி நேரம். நடுவில் லைன் துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து. அதே வேலை இன்றைய 50 மெகாபிட் ஏற்றத்தில் அரை நிமிடம்.

2020 ஊரடங்குக்குப் பிறகு படம் போய் நேரலை வந்தது. காந்தி ரோட்டுப் பெரிய கடைகள் மட்டுமல்ல, சொந்தத் தறி வைத்திருக்கும் குடும்பங்களும் போனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட ஆரம்பித்தார்கள். பிள்ளையார்பாளையத்து அக்கா ஒருவர், கணவர் நெய்வதைத் தறிக்கூடத்தில் இருந்தபடியே விற்பவர். மயில்கழுத்து நிறச் சேலை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் அந்தப் பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கும். சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர் எழுதுகிறார்: கலர் தெரியவில்லை, ஜரிகை கலங்கலாக இருக்கிறது. அக்கா விளக்கை மாற்றினார், போனை மாற்றினார், 200 பிளானுக்கு மாறினார். ஒன்றும் நடக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். தறிக்கூடத்தில் இறங்குவது 42, ஏறுவது 1.6. யூடியூபில் 720பி தரத்தில் நேரலை விடச் சுமார் 4 மெகாபிட் ஏற வேண்டும். ஏறாவிட்டால் செயலி படத்தைக் கசக்கி அனுப்பும். கசக்கும்போது முதலில் போவது நுணுக்கம்தான். கோர்வைக் கரையில் இருக்கும் கோபுரமும் ருத்திராட்சமும் சேர்ந்து கடுகு நிறத் தீற்றலாகிவிடும்.

காரணம் இரண்டு. போனில் தெரியும் வைஃபை கோடுகள் பெட்டியின் சிக்னல் போனுக்கு எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் சொல்லும். திரும்பி அனுப்பும்போது போனின் பலம் பெட்டியின் பலத்தைவிடக் குறைவு. ஆகவே சுவர் தாண்டி இறங்குவது நன்றாக இருக்கும்போதே ஏறுவது நொண்டும். இரண்டாவது, மாடியில் மகனின் போன் அன்று எடுத்த வீடியோக்களை எல்லாம் தானாகக் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றம் நிரம்பினால் எல்லாமே காத்திருக்க ஆரம்பிக்கும், இறங்குவதும் சேர்ந்து சுற்றும். கூடத்துக்கு ஒரு ஒயர் இழுத்துத் தனிப் பெட்டி வைத்தோம், மகனின் போனில் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றினோம். ஏறுவது 60-க்கு வந்தது. "பழைய பிளானுக்கே மாத்திடுங்க அக்கா" என்றேன். மாதம் முடிந்ததும் மாற்றிக்கொண்டார்.

பிறகு சொல்கிறேன் என்றது ராத்திரி விவகாரம். வீட்டு ஃபைபரும் பங்குதான். ஜிபான் முறையில் ஒரு மூல இழையில் இறங்குவது 2.488 ஜிகாபிட், ஏறுவது 1.244 ஜிகாபிட். அதை ஸ்பிளிட்டர் போட்டு 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறோம். 64 வீட்டுக்கும் 100 விற்றால் 6.4 ஜிகாபிட் ஆகிறது. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் உலகம் முழுக்க இப்படித்தான் விற்கிறார்கள், இதில் களவு இல்லை. களவு இருந்தால் அது அதற்கு மேலே, சென்னையிலிருந்து ஊருக்கு வாங்கும் மொத்த அளவில் இருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் லைன் எடுத்திருந்த ஒரு நிறுவனம் வீடுகளைச் சேர்த்துக்கொண்டே போனது, மேலே வாங்கும் அளவைக் கூட்டவில்லை. பகலில் 95, இரவு ஒன்பது மணிக்கு 11. ஐபிஎல் நாட்களில் போனை எடுக்கவே பயமாக இருக்கும். வாடிக்கையாளர் திட்டுவது என்னை, தீர்க்க வேண்டியது அவர்கள். கடைசியில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். ஆகவே பகல் பதினோரு மணிக்கு எடுத்த டெஸ்டை வைத்து என்னிடம் யாரும் பெருமை பேச வேண்டாம். ராத்திரி எட்டரையிலிருந்து பத்தரைக்குள் எடுத்ததைக் காட்டுங்கள்.

எந்த டெஸ்ட் என்பதும் முக்கியம். ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், பல சமயம் அது உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும். வாசல் வரை நடந்துவிட்டு ஊர் சுற்றியதாகச் சொல்வதுபோல் ஆகிவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் விட்ட ஃபாஸ்ட் டாட் காம் தன் சொந்த சர்வர்களிலிருந்து அளக்கிறது. இரண்டையும் பார்த்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் நிறுவனத்தைக் கேள்வி கேளுங்கள். பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், அந்த விஷயத்தில் மட்டும் நிறுவனத்தை முழுக்கக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போய்த் திரும்ப ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. சென்னைக் கடற்கரையில் கடலுக்குள் இறங்கிச் சிங்கப்பூர் போகும் கேபிள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், போய்வர முப்பதுக்குக் குறையாது. சிங்கப்பூர் சர்வரில் விளையாடும் பையன் 5 வேண்டும் என்று என்னிடம் அடம்பிடித்தால் நான் என்ன செய்ய?

பிராட்பேண்ட் வரையறையை 2013-இல் 512 கிலோபிட்டாக உயர்த்தினார்கள், 2023-இல் 2 மெகாபிட்டாக. மூன்று முறையும் சொன்னது இறங்கும் வேகத்தை மட்டும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 மார்ச்சில் இறங்குவதற்கு 100, ஏறுவதற்கு 20 என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. அந்த எண் நமக்கு உடனே வேண்டும் என்று சொல்லவில்லை. ஏறும் வேகத்துக்கு என்று ஒரு எண் வரையறையில் இருக்க வேண்டும், நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அடுத்த முறை பரிந்துரை எழுதும்போது அதைச் சேர்க்க வேண்டும். அது வரும்வரை, புது லைன் எடுக்கும்போது ஏறும் வேகம் எவ்வளவு என்று கேட்டு, அதை விண்ணப்பத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.